ஒன்றும் கண்டறியப்படவில்லை

இரண்டு நாற்பதுக்கு நஞ்சுண்டப்பா வந்து சொன்னார்:
தொட்டி மேல் பூட்டு இல்லை மேடம்.
உடைந்திருக்கிறதா என்றேன்.
இல்லை. பூட்டே இல்லை.

டார்ச்சோடு ஏணி ஏறினோம்.
மூடியில் வெறும் கொண்டி.
பக்கத்தில் ஒற்றைச் செருப்பு,
இடது கால், நீல ரப்பர், ஏழாம் நம்பர்.
உள்ளே வெளிச்சம் அடித்தால்
கருப்பாக, வழக்கம்போல அசையாமல்
எழுபது லட்சம் லிட்டர்.

நூறு கிலோமீட்டர் மேடேறி வந்த தண்ணீர்.
அணையில் துப்பாக்கி அதற்கு, பம்பு அறையில் கேமரா.
இங்கே ஓர் அறுபது ரூபாய்ப் பூட்டு,
முழங்கால் வலிக்கிற ஒரு மனிதர்,
பதினாறாம் பக்கம் கிழிந்த கையேடு.
பதினாறாம் பக்கத்தில்தான் இருந்திருக்கும்
இப்படிப்பட்ட இரவில் என்ன செய்வதென்று.

குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டேன்.
மஞ்சள் வந்தது. வர வேண்டிய மஞ்சள்.
குளோரின் இருக்கிறது என்று சொல்லும்;
வேறு எது இருக்கிறதென்று
அதனிடம் கேட்க முடியாது.
இன்னொரு புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்து
ஜீப்பில் ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

நாலரைக்கு வால்வு திறக்க வேண்டும்.
காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம்,
கல்லறைக்குப் பின்னால் என் அக்கா இருக்கும் சந்து,
எல்லாம் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்குகின்றன.
மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.

நான் ஒரு மக்கு குடிச்சுப் பார்க்கட்டா என்றார் நஞ்சுண்டப்பா.
ஆறு வருஷமாக அந்தப் பெயரைக்
கூப்பிட்டிருக்கிறேன், காதில் வாங்கியதில்லை.
நஞ்சு. உண்ட. அப்பா.
கழுத்தோடு நிறுத்திக்க நீங்க சாமி இல்லைன்னு
தமிழில் கத்தினேன்.
அவருக்குப் புரிந்தது. மக்கைக் கீழே வைத்தார்.

திறக்கவில்லை.
சக்கரத்தில் சங்கிலி சுற்றிப்
பதிவேட்டில் எழுதினேன்:
3.05, நிறுத்தம், என் முடிவு.
எழுதி முடித்த பிறகுதான்
அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் கண்ணில் பட்டது.

ஆறு மணிக்கு கேட்டுக்குக் குடங்கள் வந்தன,
மூன்று மொழி வசவோடு.
டேங்கர்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினே என்று
ஒருத்தி தமிழிலேயே கேட்டாள்.
அவள் இடுப்புப் பிள்ளை
வெறுங்குடத்தில் தட்டிக்கொண்டிருந்தது.
சொல்லியிருக்கலாம்.
சொன்னால் பயம் குழாயில்லாமலே
ஊர் முழுக்கப் பாயும்.
ரிப்பேர் என்றேன்.

மத்தியானம் விசாரணை.
பெயர்? கிளாரா அற்புதம்.
ஊரு யாவுது?
ஹலசூரு என்றேன்.
அது சரி, ஒரிஜினல்?
ஹலசூரு என்றேன்.
பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
மழை பொய்க்கும் வருஷங்களில் எல்லாம்
அந்தப் பேனாவை எனக்குத் தெரியும்.
வேலிக்கு வெளியே ஆளைத் தேடப் போகிற கண்
உள்ளேயும் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போகும்.

நாலு மணிக்கு ஆய்வகத்தின் தாள்.
பதினெட்டு வரி. பதினெட்டிலும்
ஒன்றும் கண்டறியப்படவில்லை.
நஞ்சுண்டப்பா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.
எனக்கு மெமோ: தேவையற்ற பீதி.
யார் பீதியடைந்தார்கள் என்று பதில் எழுதி
நானே கிழித்தேன்.

புதுப் பூட்டு என் காசு. நானூற்று இருபது.
ரசீதை அடுத்த மாதம் கொண்டுவரச் சொன்னார்கள்.

அன்றிரவு சங்கிலியை அவிழ்த்து வால்வைத் திருப்பினேன்.
முதலில் காற்று, ஒரு நீளமான இருமல்,
அப்புறம் தண்ணீர் போகிற சத்தம்.
அக்கா போன் செய்தாள்.
வந்துடுச்சுடி. காலையில ஏன் வரலை?
ரிப்பேர் என்றேன்.

போலீசுக்குச் செருப்பு வேண்டாமாம்.
மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.
கேட்டுக்கு யார் வந்தாலும்
முதலில் காலைப் பார்க்கிறேன்,
மெமோ கொண்டுவந்தவர் காலையும்.

நஞ்சுண்டப்பாவுக்கும் ஏழுதான்.
கேட்டுவிட்டேன்.
நேற்றிலிருந்து அவர்
டீயை வெளியே நின்று குடிக்கிறார்.